இத்ரியா பள்ளத்தாக்கில் மூன்று நாள்: காரா, ரயிலா, சைக்கிளா?

“வெள்ளி காலை பாரி விமான நிலையத்தில் இறங்குகிறோம். திங்கள் மதியம் விமானம். நடுவில் இருக்கும் நாட்களை இத்ரியா பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் நிதானமாகக் கழிக்க ஆசை. காரை வாடகைக்கு எடுப்பதா, ரயிலை நம்பிப் போவதா? சைக்கிளும் கிடைக்கிறதாமே?”

இத்தாலியின் தென்கிழக்கில் இருக்கும் புல்யா மாநிலத்துக்குப் புறப்படும் நண்பர்கள் ஏறக்குறைய இதே சொற்களில் கேட்கிறார்கள். நான் அங்கே மூன்று முறை போயிருக்கிறேன்: முதல் முறை காரில், அடுத்த முறை ரயிலும் பஸ்ஸுமாக, கடைசியாக மின் சைக்கிளில். மூன்று முறையும் ஊர்கள் அவைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறோர் ஊருக்குப் போய் வந்ததைப் போலத்தான் நினைவில் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன் இரவில் எங்கே படுப்பது என்பதை முடிவு செய்யுங்கள். அது முடிவானால் வண்டி எது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் காரைப் பதிவு செய்கிறார்கள், பிறகு ஊருக்கு நடுவே, கார் நுழைய அனுமதியில்லாத சந்தில் வீடு பிடிக்கிறார்கள். அல்லது வயலுக்கு நடுவே ஒரு கல்வீட்டைப் படத்தில் பார்த்து மயங்கி முன்பணம் கட்டிவிட்டு, பஸ் எங்கே நிற்கும் என்று தேடுகிறார்கள்.

## முதலில் இடம்

பள்ளத்தாக்கு என்ற பெயரைக் கேட்டு, இருபுறமும் மலை, நடுவில் ஆறு என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில் அகலமாக விழுந்திருக்கும் ஒரு தாழ்வு இது. ஆறு கிடையாது. பெய்கிற மழை பாறை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடுகிறது. தாழ்வின் விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில், லோகோரொதொந்தோ, மார்த்தினா ஃபிராங்கா, சிஸ்தெர்னினோ ஆகிய மூன்று வெள்ளை ஊர்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. லோகோரொதொந்தோவிலிருந்து மார்த்தினா 6 கிலோமீட்டர். சிஸ்தெர்னினோ ஏறக்குறைய 10. மறுபக்கம் 9 கிலோமீட்டரில், கூம்புக் கூரை வீடுகளுக்குப் பேர்போன அல்பெரோபெல்லோ. கடலை நோக்கிப் போனால் ஒஸ்தூனி.

அந்தக் கூம்பு வீட்டுக்குத் துருல்லோ என்று பெயர், பன்மையில் துருல்லி. சாந்து வைக்காமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டியவை. புதிதாக ஓர் ஊர் எழுந்தால் நேப்பிள்ஸ் அரசுக்கு வரி கட்டவேண்டியிருந்த காலத்தில், அதிகாரி வரும் செய்தி கிடைத்தவுடன் பிரித்துப் போட வசதியாக, சாந்தில்லாமல் கட்டும்படி கொன்வெர்சானோ பிரபுக்கள் குடியானவர்களுக்கு உத்தரவிட்டார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். 1797இல் அரசர் நான்காம் ஃபெர்தினாந்தோ அல்பெரோபெல்லோவைப் பிரபுக்களின் பிடியிலிருந்து விடுவித்தார். 1996இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அந்த ஊரின் இரண்டு பழைய பேட்டைகளில் மட்டும் 1,500 துருல்லிக்குக் குறையாது.

ஆனால் உங்கள் முடிவுக்கு உதவும் செய்தி வேறு. தென் இத்தாலியின் பெரும்பகுதியில் விவசாயிகள் பெரிய ஊர்களில் நெருக்கியடித்து வாழ்ந்து, விடியலில் வயலுக்கு நடந்து போனவர்கள். இத்ரியாவில் அப்படியில்லை. இங்கே குடும்பங்கள் தங்கள் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டன. கொந்த்ராதா என்று அழைக்கப்படும் சிறு குடியிருப்புகள், நான்கைந்து துருல்லி, ஒரு அத்திமரம், திராட்சைப் பந்தல், சுற்றிலும் இடுப்புயரக் கல்சுவர் என்று தாழ்வு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அதனால் வெள்ளை ஊர்களை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் கிராமத்தின் பாதியைத்தான் பார்த்திருக்கிறார். மீதிப் பாதி, இந்தக் குடியிருப்புகளுக்கு இடையே கல்சுவர்களுக்குள் ஓடும் சந்துப் பாதைகளில் இருக்கிறது. எந்த வண்டி உங்களை அந்தப் பாதைக்குள் கொண்டுபோகிறது, எது வெளியிலேயே நிறுத்திவிடுகிறது என்பதுதான் நான் முதலில் பார்க்கும் கணக்கு.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. வார இறுதிப் பயணத்தில் ஒரு முழு நாள் ஞாயிறு. அன்று இந்தப் பகுதியின் உள்ளூர்ப் போக்குவரத்து ஏறக்குறைய உறங்கிவிடும்.

மதியம் ஒன்று முதல் ஐந்து. கடை, தேவாலயம், பல இடங்களில் தெருவே அடைந்து கிடக்கும். உணவகங்கள் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் மாலை ஏழரை, எட்டுக்குத்தான் திறக்கும். இந்த நான்கு மணிநேரத்தை எப்படிக் கழிக்கப் போகிறீர்கள் என்பது பயணத்தின் சுவையையே மாற்றிவிடும்.

இரவு. ஊருக்குள் சந்து வீடா, வயல் நடுவே துருல்லோவா?

கூட வருபவர்கள். எழுபது வயது அம்மா, தள்ளுவண்டிக் குழந்தை, முழங்கால் வலி இவற்றையெல்லாம் ஊருக்குப் போன பிறகு யோசிக்க முடியாது.

கண்ணில் படாத செலவு. விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகைக்கு மேல் எவ்வளவு கை நழுவும்?

## வாடகைக் கார்

காரின் சிறப்பைச் சொல்ல அதிகம் தேவையில்லை. விமான நிலையத்தில் பெட்டியை ஏற்றினால் துருல்லோ வாசலில் இறக்கலாம். ஞாயிற்றுக்கிழமை உங்களைத் தடுக்காது. வயல் நடுவே தங்குவதென்றால் காருக்கு ஈடு இல்லை, ஏனென்றால் பால் வாங்கக்கூட மூன்று கிலோமீட்டர் போகவேண்டியிருக்கும். பாரியிலிருந்து ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் ஓட்டம். பிரிந்திசி விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கு இன்னும் குறைவு.

குறை என்னவென்றால், கார் கையில் இருந்தால் மனிதன் சும்மா இருக்கமாட்டான். ஊருக்கு ஊர் பத்து, பதினைந்து நிமிடம் என்பதால் காலையில் அல்பெரோபெல்லோ, பதினொன்றுக்கு லோகோரொதொந்தோ, மதியம் மார்த்தினா, மாலை ஒஸ்தூனி என்று நாங்கள் ஒரே நாளில் நான்கு ஊர் பார்த்தோம். மார்த்தினாவில் இறங்கியபோது மணி இரண்டு. 1668இல் கட்டத் தொடங்கிய பிரபுவின் மாளிகையும், பரோக் முகப்புகள் வரிசையாக நிற்கும் தெருக்களும் கதவடைத்த வெயிலில் காலியாகக் கிடந்தன. அந்த ஊரை நான் உண்மையில் பார்த்தது அடுத்த பயணத்தில், மாலை ஆறு மணிக்கு, ஊரே நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடக்கக் கிளம்பியபோதுதான்.

இனி செலவு. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரில் போகிறவர்களின் பணம் இங்கேதான் கசிகிறது.

இந்திய உரிமத்தோடு ஓட்டுவதென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அவசியம். புறப்படும் முன் ஊரில் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிவிடவேண்டும். இத்தாலியில் இறங்கிய பிறகு கிடைக்காது. வாடகை நிறுவனங்கள் ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்டு, அதில் ஒரு பெரிய தொகையை நிறுத்திவைக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் வாடகை கூடுதல், கிடைப்பதும் குறைவு. கவுன்டரில் நீட்டப்படும் முழுக் காப்பீடு சில சமயம் காரின் வாடகையையே எட்டிவிடும். வேண்டாம் என்று சொல்லும் முன் ஒன்றை யோசியுங்கள். நம் ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து, சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கண்ணுக்கு, இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும்போது காரின் வலது விளிம்பு எங்கே முடிகிறது என்று பிடிபட இரண்டு நாள் ஆகும். இத்ரியாவின் பாதைகளில் அந்த வலது விளிம்பில்தான் கல்சுவர் இருக்கிறது. எதிரே டிராக்டர் வந்தது; நான் ஒதுங்கினேன்; கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை ஒரே கோடாகக் கீறல். சுவரிலிருந்து ஒரு கல்கூட அசையவில்லை. அடிப்படைக் காப்பீட்டில் கண்ணாடி, டயர், அடிப்பாகம் சேராது என்பதை அன்றுதான் தாளை எடுத்துப் படித்தேன். எனக்கு அந்தக் கீறல் இரண்டு நாள் தங்கும் செலவை விழுங்கிவிட்டது.

அடுத்தது பழைய ஊர்ப் பகுதிகளின் நுழைவுத் தடை. உள்ளூர்வாசிகளின் வண்டி மட்டும் போகலாம் என்று வரையறுத்த பகுதி அது. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை நிற்கும், மேலே கேமரா. மின்பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் பலரும் ‘வழி திறந்திருக்கிறது’ என்று பொருள் கொள்கிறார்கள். பொருள் நேர்மாறானது: தடை நடப்பில் இருக்கிறது, கேமரா படம் பிடிக்கிறது. அபராதம் 80 யூரோவைத் தாண்டும். அதற்கு மேல், உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கென்று வாடகை நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். கடிதம் வந்து சேரப் பல மாதம் ஆகும் என்பதால், வரவில்லை என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. உள்ளே போய்த் திரும்பி வந்தால் இரண்டு அபராதமாகவும் வரலாம்.

வண்டி நிறுத்தத் தரையில் வெள்ளைக் கோடு இருந்தால் இலவசம், நீலம் என்றால் கட்டணம், மஞ்சள் என்றால் உங்களுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் நிலையங்களில் பெரும்பாலும் ஆள் இருக்காது, இயந்திரம்தான். நோட்டைச் செருகினால் மீதிச் சில்லறை தராது. அங்கே பெட்ரோலுக்கு ‘பென்சீனா’, டீசலுக்கு ‘கசோலியோ’ என்று பெயர். ‘கசோலியோ’வை கேசோலின் என்று படித்துத் தவறாக நிரப்பிவிட்டால் அந்த வார இறுதி அங்கேயே முடிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் கார்தான் சரி என்று சொல்லும் சந்தர்ப்பங்கள் உண்டு. நான்கு பேர் போகிறீர்கள், இருவராவது வலப்பக்கச் சாலையில் ஓட்டிப் பழகியவர்கள், தங்குவது வயல் துருல்லோ, குழந்தைகள் உண்டு என்றால் கார் எடுங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: நாளுக்கு ஓர் ஊர், அதிகம் போனால் இரண்டு. மதிய நேரத்தில் வண்டியை அத்திமர நிழலில் விட்டுவிட்டு நீங்களும் தூங்குங்கள். மாலையில் லோகோரொதொந்தோவின் வெள்ளை ஒயினைச் சுவைக்க விருப்பமுள்ளவர் யார், ஓட்டுபவர் யார் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இத்தாலியச் சட்டம் இதில் கண்டிப்பானது.

## ரயில், பஸ், நடை

பாரி மத்திய நிலையத்தின் தெற்கு வாசல் பக்கம் போனால் சூத் எஸ்த் என்ற வட்டார ரயில்வேயின் நடைமேடைகள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரே பாதை அல்பெரோபெல்லோ, லோகோரொதொந்தோ வழியாக மார்த்தினாவுக்குப் போகிறது. மார்த்தினாவிலிருந்து இன்னொரு கிளை சிஸ்தெர்னினோ பக்கம் திரும்பி லெச்சே வரை செல்கிறது. ஊருக்கு ஊர் பத்து நிமிடத்தைச் சுற்றித்தான் பயணம். டிக்கெட் விலை உங்கள் வரவுசெலவில் கணக்கிலேயே வராது.

கடைசி அரை மணி நேரத்தில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். சிவந்த மண், சாம்பல் நிறச் சுவர்கள், ஆலிவ், பாதாம், திடீரென்று ஒரு கூம்பு, அதன் பக்கத்தில் துணி காயப்போடும் ஒரு பாட்டி. வேகம் குறைவான அந்த ரயில், நாம் எங்கே வந்திருக்கிறோம் என்பதை மனம் ஏற்றுக்கொள்ள நேரம் தருகிறது. காரில் நெடுஞ்சாலையில் வந்தபோது எனக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை.

இப்படிப் போனால் ஊருக்குள் தங்கவேண்டும். எனக்கு லோகோரொதொந்தோ பிடிக்கும். பெயருக்கே ‘வட்டமான இடம்’ என்றுதான் பொருள். குன்றின் தலையில் வளையம் வளையமாகச் சந்துகள். பத்து நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடலாம், இரண்டு மணி நேரம் சுற்றிக்கொண்டும் இருக்கலாம். வீடுகளின் கூரை கூம்பாக இல்லாமல், தட்டைக் கல் வேய்ந்த செங்குத்துச் சரிவாக இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஒரு பெண்மணி வாசற்கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தன் வாசலை முடித்துவிட்டு, பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டுப் படியையும் சேர்த்துத் தேய்த்தார். பிறகு அந்த வீட்டுத் தொட்டிச் செடிக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போனார். ஊருக்குள் படுத்து எழுந்தால்தான் இது கண்ணில் படும். பகலில் வந்து போகிறவர்களுக்குச் சுத்தமான தெரு மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காலை அங்கே வாரச்சந்தையும் கூடுகிறது.

மதிய நான்கு மணிநேரம் இப்படிப் போகிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. அறை பக்கத்தில், சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுக்கலாம்.

பிரச்சினை ஞாயிறுதான். சூத் எஸ்த் ரயில்கள் ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் பொதுவாக ஓடுவதில்லை. பருவத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு பஸ்கள் இருக்கும், அவ்வளவே. வாரநாட்களிலும் பாதைப் பணிகள் காரணமாக ரயிலுக்குப் பதில் பஸ் விடுவது வழக்கமாகிவிட்டது. புறப்படும் வாரத்தின் கால அட்டவணையைப் பார்க்காமல் எதையும் பதிவு செய்யாதீர்கள். ஞாயிறு இரவே ஊர் திரும்பவேண்டியவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கடலோரமாகப் பாரி, ஒஸ்தூனி, பிரிந்திசி, லெச்சே என்று ஓடும் அரசு ரயில் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். சிஸ்தெர்னினோவிலிருந்து ஒஸ்தூனிக்கு டாக்ஸி பிடித்தால் 14 கிலோமீட்டர்தான். நிலையம் ஊருக்குக் கீழே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். இன்னொரு எச்சரிக்கை: சிஸ்தெர்னினோ பெயரில் இரண்டு நிலையங்கள் உண்டு. ஊரை ஒட்டி இருப்பது சூத் எஸ்த்தின் ‘சிஸ்தெர்னினோ சித்தா’. கடலோரப் பாதையில் வெறும் ‘சிஸ்தெர்னினோ’ என்று இருப்பது கீழே சமவெளியில். அங்கே இறங்கினால் மேலே ஏற வழி தேடி நிற்கவேண்டும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு டாக்ஸி. சிற்றூர்களில் டாக்ஸி தெருவில் நிற்காது. தங்குமிடத்தாரிடம் சொல்லி முதல்நாளே ஏற்பாடு செய்யவேண்டும். இரண்டு முறை அப்படிப் போனால் ரயிலில் மிச்சம் பிடித்தது தீர்ந்துவிடும்.

நடப்பதற்கு ஒரு சொல். லோகோரொதொந்தோவிலிருந்து மார்த்தினாவுக்கு 6 கிலோமீட்டர்தானே என்று நெடுஞ்சாலையில் இறங்கிவிடாதீர்கள். நடைபாதை இல்லாத, லாரி ஓடும் சாலை அது. கொந்த்ராதா பாதைகள் வழியாகச் சிஸ்தெர்னினோவுக்கு நடப்பது வேறு அனுபவம். நிதானமாக மூன்று மணி நேரம். நான் போனபோது ஒரு முதியவர் சரிந்த சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு கல்லை எடுப்பார், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார், வைப்பார், பொருந்தவில்லையென்றால் கீழே போடாமல் பக்கத்தில் தனியாக அடுக்குவார். அடுத்த பத்தடியில் அந்தக் கல்லுக்கு இடம் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சாந்தில்லாமல் கல்லடுக்கும் இந்தக் கலையை 2018இல் இத்தாலி உள்ளிட்ட பல நாடுகளின் மரபாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. கால் மணி நேரம் நின்று பார்த்தேன். அதற்குள் அவர் வைத்தது ஏழு கல்.

தனியாகவோ இருவராகவோ போகிறவர்கள், வெள்ளி காலையிலேயே வந்துவிடுகிறவர்கள், ஓட்டுவதில் விருப்பமில்லாதவர்கள் ஆகியோருக்கு இதுதான் என் பரிந்துரை. சனி இரவு சிஸ்தெர்னினோ, வெள்ளி இரவு லோகோரொதொந்தோ என்று பிரித்துத் தங்கினால் ஞாயிற்றுச் சிக்கலும் பாதி தீரும்.

## மின் சைக்கிள்

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஆனால் எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன்.

நான் முதலில் சொன்ன அந்தக் கிராமத்தின் மீதிப் பாதி, சைக்கிளுக்காகவே போட்ட பாதைகளில் இருப்பதைப் போலத் தோன்றும். கார் போனால் சுவர் இடிக்கும். நடந்தால் தூரம் தெரியும். சைக்கிளில் பத்து நிமிடத்துக்கு ஒரு கொந்த்ராதா கடந்து போகும். நாய் குரைக்கும், யாராவது எட்டிப் பார்த்து ‘புவோன் ஜோர்னோ’ என்பார்கள், நீங்களும் சொல்லவேண்டும். சொல்லாமல் கடப்பது மரியாதையாகாது.

இதோடு ஒரு தனிச்சிறப்பு, நீர்க்கால்வாய்ப் பாதை. நான் மேலே சொன்னபடி இந்த மண்ணில் தண்ணீர் தங்காது. ஒவ்வொரு துருல்லோவும் கூரையில் விழும் மழையை அடியில் வெட்டிய தொட்டியில் சேமித்துத்தான் பிழைத்தது. மலைகளுக்கு அப்பால் கம்பானியாவில் காபோசேலே என்ற இடத்தில் ஊற்றெடுக்கும் நீரைப் புல்யாவுக்குத் திருப்பும் வேலை 1906இல் தொடங்கி, 1915இல் பாரிக்குத் தண்ணீர் வந்தது. பிறகு கால்வாய் தெற்கே நீண்டது. அந்த மூடிய கால்வாயின் மேலே செல்லும் பராமரிப்புப் பாதையின் ஒரு பகுதியைச் சிஸ்தெர்னினோவுக்கும் செல்யே மெஸ்ஸாப்பிக்காவுக்கும் இடையே சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். கார் வராது. தண்ணீர் தன் எடையிலேயே வழிந்தோடும்படி அமைத்த சாய்வு என்பதால் ஏற்றம் இறக்கம் தெரியவே தெரியாது. ஓக் மர நிழலில், பொடிக் கற்கள் நெரியும் ஓசையோடு, காலடியில் ஒரு ஆறு மறைந்து ஓடுகிறது என்ற நினைப்போடு மிதித்துப் போன அந்தக் காலைக்காக மட்டுமே நான் மறுபடி அங்கே போவேன்.

வாடகை நாளுக்கு 30 முதல் 50 யூரோ வரை. சாதாரண சைக்கிள் மலிவு. ஆனால் ஒவ்வொரு வெள்ளை ஊரும் குன்றின் மேல் இருப்பதால், கடைசி ஒரு கிலோமீட்டர் ஏற்றத்தில் அந்த மிச்சம் முழங்காலில் தெரியும். மின் சைக்கிளே எடுங்கள்.

செலவைவிடக் கட்டுப்பாடுகள்தான் இங்கே கவனிக்கவேண்டியவை. பெட்டியைச் சைக்கிளில் கட்ட முடியாது. அதனால் ஒரே இடத்தில் தங்கிச் சுற்றவேண்டும், இல்லையென்றால் பெட்டியை அனுப்பி வைக்கத் தனிக் கட்டணம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 பாகையைத் தொடும். பதினொன்றுக்கு மேல் மிதிக்க முடியாது. சந்துகளின் முனையில் சுவர் மறைப்பதால் வளைவில் மணியடித்துத்தான் திரும்பவேண்டும். மழை பெய்தால் அன்றைய நாள் போயிற்று. சனிக்கிழமை மாலைக்குள் சைக்கிளை எடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை கடை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள்.

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரை, அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர். மூன்று மணி நேரம் சைக்கிள் சீட்டில் உட்காரத் தயங்காத இருவர். இந்த இரண்டும் பொருந்தினால் வேறெதையும் யோசிக்காதீர்கள்.

## ஓட்டுநரோடு ஒரு நாள்

பெற்றோர் வந்திருக்கிறார்கள், காரோட்டவும் துணிவில்லை என்பவர்களுக்கு நான்காவதாக ஒரு வழி. ஊருக்குள் தங்கிக்கொண்டு, ஞாயிறு ஒரு நாளுக்கு மட்டும் ஓட்டுநரோடு கார் அமர்த்துவது. தொகையைக் கேட்டால் முதலில் தயக்கமாக இருக்கும். ஆனால் மூன்று நாள் கார் வாடகை, காப்பீடு, நிறுத்தக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், நான்கு பேருக்குப் பெரிய வித்தியாசம் வராமலும் போகலாம். உள்ளூர் ஓட்டுநர், பெரியவர்களைப் பழைய ஊரின் வாசலிலேயே இறக்கிவிடுவார். எத்தனை மணி நேரம், எத்தனை ஊர் என்பதை முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

## ஒரு பார்வையில்

| | கார் | ரயில், பஸ் | மின் சைக்கிள் | ஓட்டுநரோடு ஒரு நாள் |
|---|---|---|---|---|
| ஞாயிறு | தடையில்லை | கடினம் | தடையில்லை. சனியே எடுக்கவேண்டும் | அன்றைக்கென்றே பொருத்தம் |
| தங்குமிடம் | வயல் துருல்லோ | ஊருக்குள் | இரண்டும் சரி | ஊருக்குள் |
| மதிய நேரம் | ஓடித் திரிந்து வீணாகும் | அறையில் ஓய்வு | நிழலும் தூக்கமும் தேவை | நீண்ட சாப்பாடு |
| வயல் பாதைகள் | சுவரோடு போராட்டம் | நடந்தால் உண்டு | முழுமையாக | ஓரளவு |
| முதியவர்கள் | நல்லது | பெட்டியோடு சிரமம் | வேண்டாம் | மிக நல்லது |
| மறைந்த செலவு | காப்பீடு, அபராதம், கீறல் | டாக்ஸி | பெட்டி அனுப்புதல் | கூடுதல் மணிநேரம் |

## சாப்பாட்டால் மாறும் முடிவு

சனி இரவு சிஸ்தெர்னினோவில் இருக்கும்படி எந்தத் திட்டத்தையும் வளைப்பேன். அங்கே இறைச்சிக் கடைகளே இரவில் உணவகமாகின்றன. கண்ணாடிப் பெட்டியில் இருப்பதை நீங்கள் கைகாட்டினால், கடைக்காரர் எடைபோட்டு, கடைக்குள்ளேயே இருக்கும் அடுப்பில் சுட்டு, சந்தில் போட்டிருக்கும் மேசைக்குக் கொண்டுவருவார். பன்றி இறைச்சித் துண்டுக்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய பொம்பெத்தேதான் அந்த ஊரின் பெருமை. பத்து மணிக்கு மேல்தான் சந்து களைகட்டும். அங்கிருந்து இருட்டில் கல்சுவர்ப் பாதையில் காரோட்டித் திரும்புவதைவிட, நூறு அடி நடந்து படுக்கைக்குப் போவது எவ்வளவோ மேல்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் இந்த மாநிலத்தில் பட்டினி கிடக்கத் தேவையில்லை. காய்ந்த மொச்சை இனப் பருப்பை மசித்து, கசப்புக் கீரையோடு ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தரும் ‘ஃபாவே எ சிக்கோரியா’ ஏழைக் குடியானவர்களின் உணவு. கீரை மசியலில் வளர்ந்த நாக்குக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். காது வடிவப் பாஸ்தாவைக் கீரையோடு புரட்டித் தரும்போது மட்டும் கவனம். அதில் நெத்திலி கரைந்திருக்கும். ‘சென்சா அச்சூகே’ என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்.

அதே சிஸ்தெர்னினோவின் புறநகரில், மரங்களுக்கு நடுவே ஓர் ஆசிரமம் இருக்கிறது. இமயமலை அடிவாரத்து ஹைராகான் பாபாஜியைச் சந்தித்துத் திரும்பிய லிசெத்தா கார்மி என்ற இத்தாலியப் புகைப்படக் கலைஞர் 1979இல் தொடங்கியது. கல்சுவர்ப் பாதையில் சைக்கிளில் திரும்பும்போது, எதிர்பாராத இடத்தில் ஒரு சிவநாமம் காதில் விழுந்தால் வியக்காதீர்கள்.

## நானாக இருந்தால்

இருவர், மே மாதம், வெள்ளி காலை வருகை என்று வைத்துக்கொண்டால் இப்படிச் செய்வேன். பாரியிலிருந்து ரயிலோ, அதற்குப் பதில் ஓடும் பஸ்ஸோ பிடித்து மதியத்துக்குள் லோகோரொதொந்தோ. வெள்ளி இரவு அங்கே. சனி காலை மார்த்தினா, சாப்பாடு முடிந்ததும் சிஸ்தெர்னினோ. மாலைக்குள் மின் சைக்கிளை எடுத்து அறை வாசலில் நிறுத்திவிட்டு, இறைச்சிக் கடைச் சந்து. ஞாயிறு ஏழு மணிக்குக் கால்வாய்ப் பாதை, பதினொன்றுக்குத் திரும்பி வந்து ஒன்றரை மணிக்கு முன்பதிவு செய்த இடத்தில் நீண்ட சாப்பாடு. ஞாயிறு மதியம் உள்ளூர்க் குடும்பங்கள் பாட்டி முதல் பேரன் வரை ஒரே மேசையில் உட்காரும் நேரம் என்பதால், சனிக்கிழமையே சொல்லிவைக்காவிட்டால் இடம் கிடைக்காது. திங்கள் காலை டாக்ஸியில் ஒஸ்தூனி நிலையம், கடலோர ரயிலில் பாரி.

இந்தத் திட்டத்தில் அல்பெரோபெல்லோ இல்லை. அதைப் பார்க்காமல் திரும்ப மனம் வராதவர்கள் வெள்ளிக்கிழமை வரும் வழியிலேயே இறங்கிவிடுங்கள். ஆனால் பேருந்துக் கூட்டம் இறங்கும் பத்து மணிக்கும், அது கிளம்பும் ஐந்து மணிக்கும் இடையே அங்கே நிதானத்தைத் தேடாதீர்கள். மாலை ஆறுக்கு மேல், அங்குள்ள இரண்டு பழைய பேட்டைகளில் ஒன்றான ஐயா பிக்கோலாவுக்குள் நுழைந்தால், கடைகள் குறைவான, இன்னும் ஆட்கள் குடியிருக்கும் துருல்லி வரிசையில் ஏதோ ஒரு வீட்டின் சமையலறை விளக்கு எரிவதைப் பார்க்கலாம்.